மகளுக்கு என்ன பெயர் சூட்டுவோம்?

குழந்தையைக் கையிலேந்தி ஆலய வாயிலில் நிற்கும் பெற்றோரிடம் குருவானவர் கேட்கும் முதற் கேள்வி, குழந்தையின் பெயர் என்ன என்பதேயாகும். தலையில் தண்ணீர் ஊற்றப்படுவதற்கு முன்பே, நெற்றியில் சிலுவை அடையாளம் வரையப்படுவதற்கும் முன்பே, பெயர் கேட்கப்படுகிறது. இறைவன் நம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தவர் என்று எசாயா இறைவாக்கினர் உரைத்திருப்பதை நாம் அறிவோம். ஆகவே பெயர் என்பது வெறும் அடையாள ஒலி அன்று, அழைப்பின் தொடக்கம்.

அந்த முதற் கேள்விக்கு விடை சொல்வதில்தான் இன்று பல இல்லங்களில் மனத்தாங்கல் பிறக்கிறது. சென்னைக்கு வடக்கே திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். சிப்காட் வளாகத்தின் இரும்பு ஆலைகளிலும், தேர்வாய்க்கண்டிகையின் டயர் ஆலையிலும், அவற்றைச் சூழ்ந்த சிறு தொழிற்கூடங்களிலும் உழைக்கத் தென் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியோர் உண்டு. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த தெலுங்குக் குடும்பங்கள் உண்டு. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் உண்டு. கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் ஈழத் தமிழரும் உண்டு. ஊரைவிட்டு வந்த இளம் தம்பதியர், தம் மகளுக்குப் புதுமையான பெயர் வேண்டும் என்று விரும்புகின்றனர். கைப்பேசியில் தேடுகின்றனர். டாப்னி, பீபி, ஐரின், டயானா, பெனலோப்பி என்று கிரேக்க, உரோமைப் புராணப் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஊரிலிருந்து வந்த பாட்டியோ, "இது எந்தப் புனிதையின் பெயர்?" என்று கேட்கிறார். விடை சொல்ல யாருக்கும் தெரிவதில்லை.

பாட்டியின் கேள்வி நியாயமானது. பெற்றோரின் விருப்பமும் குற்றமன்று. இவ்விரண்டிற்கும் இடையே திருச்சபையின் மரபு என்ன சொல்கிறது என்று சற்று நிதானமாக நோக்குவோம்.

நம் வீட்டிலேயே இருக்கும் கிரேக்கப் பெயர்

கிரேக்கப் புராணப் பெயர் நமக்குப் புதியது என்று எண்ணுவோர், தம் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் வியப்படைவர். ஹெலன் மேரி என்னும் பெயர் இல்லாத தமிழ்க் கத்தோலிக்கப் பங்கு ஏதேனும் உண்டோ? கிரேக்கக் காவியத்தில் ஹெலன் என்பவள் பேரழகி. அவள் பொருட்டே துரோய் நகரப் போர் மூண்டதாகக் கதை சொல்லும். ஆயினும் நம் பாட்டிமார் அந்த ஹெலனை நினைத்துப் பெயரிடவில்லை. கான்ஸ்தந்தீன் பேரரசரின் அன்னையாகிய புனித ஹெலெனாவை நினைத்தே பெயரிட்டனர். சத்திரத்தில் பணிபுரிந்த எளிய பெண் என்று புனித அம்புரோசியார் குறிப்பிடும் அந்த அம்மையார், முதிய வயதில் எருசலேமுக்குப் பயணம் செய்தார். திருச்சிலுவையைக் கண்டெடுத்தவர் என்று மரபு அவரைப் போற்றுகிறது. ஒரே பெயர், ஒருத்தி போருக்குக் காரணமானாள், மற்றொருத்தி சிலுவையைத் தேடிச் சென்றாள். பெயரின் பழைய கதையை ஒரு புனிதையின் வாழ்வு மூடிவிட்டது.

ஐரின் என்பதும் இவ்வாறே. கிரேக்கர் அமைதியைத் தேவதையாக்கி எய்ரேனே என்று வணங்கினர். அதே பெயர் கொண்ட தெசலோனிக்க நகரத்து இளம்பெண், 304-ஆம் ஆண்டு கலாபனையின்போது வேத நூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைக்காமல் மறைத்து வைத்ததற்காக உயிரைக் கொடுத்தாள். பல்வலிக்குப் பாதுகாவலியாக நாம் மன்றாடும் புனித அப்பொலோனியாவின் பெயரிலும் அப்பொல்லோ என்னும் கிரேக்கத் தேவனின் பெயரே அடங்கியுள்ளது. அவள் 249-ஆம் ஆண்டு அலெக்சாந்திரியாவில் பற்கள் உடைக்கப்பட்டு, கிறிஸ்துவை மறுதலிக்க மனமின்றி நெருப்பில் புகுந்தாள். ஆண்களில் மார்ட்டின் என்ற பெயர் உரோமையரின் போர்த் தேவனாகிய மார்ஸின் பெயரிலிருந்தும், டென்னிஸ் என்ற பெயர் கிரேக்கரின் மதுத் தேவனாகிய தியோனிசுவின் பெயரிலிருந்தும் பிறந்தவை. நம் வீட்டுப் பிள்ளைகள் இப்பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வருகின்றனர்.

புனித சின்னப்பரின் தோழர்கள்

வேதாகமத்தைத் திறந்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 16-ஆம் அதிகாரத்தில் புனித சின்னப்பர் முதன்முதலில் பரிந்துரைக்கும் பெயர், கெங்கிரேயா சபையில் தொண்டு புரிந்த பெபேயாள் என்னும் பெண்ணுடையது. புதிய மொழிபெயர்ப்பில் அவர் பெயிபா எனப்படுகிறார். ஆங்கிலத்தில் பீபி என்று ஒலிக்கும் பெயரும் இதுவே. கிரேக்கப் புராணத்தில் பீபி என்பவள் அப்பொல்லோவுக்குப் பாட்டி முறை. ஒளி மிக்கவள் என்பது பெயரின் பொருள். சின்னப்பரின் திருமுகத்தை உரோமைக்குக் கொண்டு சென்றவர் இந்தப் பெபேயாளே என்பது பழைய மரபு.

அதே அதிகாரத்தில் எர்மே என்பவர் வாழ்த்தப்படுகிறார்; அது தேவர்களின் தூதனாகக் கிரேக்கர் கருதிய எர்மேசின் பெயர். நேரேயு என்பவரும் அவர் சகோதரியும் வாழ்த்தப்படுகின்றனர்; நேரேயு என்பது கடல் தேவனின் பெயர். பிலிப்பியரின் தூதராகச் சிறையிலிருந்த சின்னப்பருக்கு உதவி, சாகும் தறுவாய் வரை நோயுற்ற எப்பாப்பிரோதீத்துவின் பெயர், அப்ரோதித்தே என்னும் காதல் தேவதையின் பெயரிலிருந்து வந்தது. கொரிந்து நகரில் நிகழ்ந்த பிளவுகளைப் பற்றிச் சின்னப்பருக்குச் செய்தி அனுப்பியது குலோவேயாளின் வீட்டார். பசுந்தளிர் எனப் பொருள்படும் அச்சொல், கிரேக்கர் தானியத் தேவதைக்கு வழங்கிய அடைமொழியுமாகும்.

இவர்களுள் ஒருவரையும் பெயரை மாற்றிக்கொள்ளுமாறு திருத்தூதர் கேட்டதாக வேதாகமத்தில் குறிப்பு ஏதும் இல்லை. அவர்கள் வாழ்வு மாறியது. பெயர் அவர்களுடன் சேர்ந்து மனந்திரும்பியது எனலாம்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. எபேசு நகரில் ஆர்த்தமி தேவதையின் வெள்ளிக் கோவில்களைச் செய்து விற்று, சின்னப்பருக்கு எதிராகக் கலகம் மூட்டிய தட்டானின் பெயர் தெமேத்திரியு. அருளப்பரின் மூன்றாம் திருமுகத்தில், எல்லாராலும் நற்சான்று பெற்றவர் என்று புகழப்படும் கிறிஸ்தவரின் பெயரும் தெமேத்திரியு. பெயர் ஒன்றுதான். அதைத் தாங்கியவரின் நடத்தையே அதற்கு மணமோ மாசோ தந்தது. ஆர்த்தமியின் பெயர் விண்ணதிர முழங்கிய அதே எபேசு நகரில்தான், 431-ஆம் ஆண்டில் கூடிய பொதுச்சங்கம் மரியன்னையை இறைவனின் தாய் என்று அறிக்கையிட்டது.

பெயரை மாற்றியோரும் உண்டு

இவ்வாறு சொல்வதால், பெயரைப் பற்றித் திருச்சபை என்றும் கவலைப்படவில்லை என்று முடிவு செய்துவிடலாகாது. 310-ஆம் ஆண்டு பாலஸ்தீன நாட்டுச் செசாரியாவில் எகிப்தியர் ஐவர் நீதிபதியின் முன் நிறுத்தப்பட்டனர். பெற்றோர் இட்ட பெயர்கள் சிலைவழிபாட்டுப் பெயர்களாய் இருந்தமையால், எலியா, எரேமியா, எசாயா, சாமுவேல், தானியேல் என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டிருந்தனர். உங்கள் ஊர் எது என்று கேட்டதற்கு எருசலேம் என்று விடை பகர்ந்தனர். விண்ணக எருசலேமையே அவர்கள் குறித்தனர். கிறிஸ்தவர்கள் எங்கோ தனியாக ஒரு நகரைக் கட்டியிருக்கின்றனர் போலும் என்று நீதிபதி கலங்கினான் என வரலாற்றாசிரியர் எவுசேபியு எழுதிவைத்துள்ளார். அவ்வைவரும் மறைசாட்சிகளாயினர்.

533-ஆம் ஆண்டு பாப்பிறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட குருவின் பெயர் மெர்க்கூரியு. உரோமையரின் வணிகத் தேவனின் பெயரோடு இராயப்பரின் அரியணையில் அமர்வது பொருந்தாது என்று கருதி, அவர் இரண்டாம் அருளப்பர் என்று பெயர் சூடினார். பாப்பிறைகள் பெயர் மாற்றிக்கொள்ளும் வழக்கத்திற்கு அவரே முதல்வர். ஆனால் அவருக்கு ஏறக்குறைய 270 ஆண்டுகளுக்கு முன்பு அதே அரியணையில் அமர்ந்த புனித தியோனிசியு, மதுத் தேவனின் பெயரை மாற்றாமலே ஆட்சி செய்து புனிதர் வரிசையில் சேர்ந்தார். இரு வழக்கமும் திருச்சபையில் இருந்தன. ஒன்று மனச்சான்றின் நுண்மையைக் காட்டுகிறது. மற்றொன்று அருளின் ஆற்றலைக் காட்டுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருமுழுக்கில் கிறிஸ்தவப் பெயர் சூட்டப்படுமாறு பங்குக்குரு கவனிக்க வேண்டும் என்றது. பெற்றோர் இணங்காவிடில், அவர்கள் விரும்பிய பெயரோடு ஒரு புனிதரின் பெயரையும் குருவே சேர்த்து, இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. நம் முன்னோருள் பலருக்கு வீட்டில் ஒரு பெயரும் கோவில் ஏட்டில் வேறொரு பெயரும் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1983-ஆம் ஆண்டின் புதிய தொகுப்பு இதனைச் சுருக்கி, 855-ஆம் விதியில், கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் இடப்படாதவாறு பெற்றோரும், ஞானப்பெற்றோரும், பங்குக்குருவும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கூறுகிறது. புனிதரின் பெயரே வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், புனிதரின் பெயரைப் பரிந்துரைப்பதோடு, கிறிஸ்தவ மறைபொருளையோ நற்பண்பையோ உணர்த்தும் பெயரும் தகும் என்கிறது. ஆகவே டாப்னி என்ற பெயரோடு வரும் பெற்றோரைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. ஆயினும் மூன்று தரப்பாரிடமும் சட்டம் ஒரு பொறுப்பை ஒப்படைத்துள்ளது. ஞானத்தாயும் ஞானத்தந்தையும் படத்திற்கு நிற்பவர்கள் மட்டுமல்லர். பெயரைப் பற்றிப் பேச அவர்களுக்கு உரிமையும் கடமையும் உண்டு.

தமிழ் மண்ணின் முன்மாதிரி

வேற்றுச் சமயச் சூழலில் பிறந்த சொல்லை விசுவாசத்திற்கு உரியதாக்கும் கலையில் தமிழ்க் கத்தோலிக்கர் யாருக்கும் பின்தங்கியவர் அல்லர். வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் கோணாங்குப்பத்தில் தேவ அன்னைக்குப் பெரியநாயகி என்று பெயர் சூட்டினார். தஞ்சைப் பெரிய கோவிலின் அம்மனுக்கும் அதுவே பெயர் என்பதை அவர் அறியாதவர் அல்லர். இன்று பெரியநாயகி என்று பெயர் பெற்ற நம் பெண்ணைப் பார்த்து, இது யாருடைய பெயர் என்று எவரும் ஐயுறுவதில்லை. தேம்பாவணியில் அவர் சூசையப்பரை வளன் என்றும், திருமுழுக்கு அருளப்பரைக் கருணையன் என்றும் அழைத்தார். எபிரேயப் பெயரின் பொருளைத் தமிழில் வார்த்துத் தந்த அருமை அது.

1745-ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு லாசர் என்னும் பெயர் தமிழில் தேவசகாயம் என்று சூட்டப்பட்டது. கடவுள் உதவினார் என்பதே லாசர் என்பதன் பொருள். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உரோமையில் பாப்பிறை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அந்தத் தமிழ்ப் பெயரே உலகமெங்கும் ஒலித்தது.

இன்னும் ஒன்று சொல்வோம். பாத்திமா மேரி என்று நம் பெண்களுக்குப் பெயரிடுகிறோம். 1917-ஆம் ஆண்டு தேவதாய் காட்சியளித்த போர்த்துக்கல் நாட்டுச் சிற்றூரின் பெயர் அது. பாத்திமா என்பதோ அரபு மொழிச் சொல். முகம்மது நபியின் மகளுக்குரிய பெயர். அன்னையின் பெயரோடு சேர்ந்ததும் அது நமக்குச் செபமாலையின் மணம் வீசும் பெயராகிவிட்டது.

கதையை அறிந்து சூட்டுக

ஆகவே கிரேக்கப் பெயர் என்பதற்காகவே அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும் கதை அறியாமல் ஒலி இனிமைக்காக மட்டும் பெயர் சூட்டுவது பேதைமை. கண்ணகி என்றும் மணிமேகலை என்றும் மகளுக்குப் பெயரிடும் தமிழர், கைகேயி என்றோ சூர்ப்பனகை என்றோ பெயரிடுவதில்லை. நம் கதைகளை நாம் அறிவோம். கிரேக்கக் கதைகளை அறியாததால்தான், தன் பிள்ளைகளைத் தானே கொன்ற மெதேயாவின் பெயரும், மூடியைத் திறந்து உலகில் துன்பங்களைப் பரவவிட்ட பண்டோராவின் பெயரும் காதுக்கு இனிமையாக ஒலிக்கின்றன. பெனலோப்பியோ இருபது ஆண்டுகள் கணவனுக்காகக் காத்திருந்த கற்பரசி; அப்பெயரில் குறை காண இயலாது. டாப்னி என்பவள் அப்பொல்லோவிடமிருந்து தன் கன்னிமையைக் காக்க ஓடி, வெற்றிமாலை தொடுக்கும் மரமாக மாறியவள் என்பர். அப்பெயர் கொண்ட ஊர் வேதாகமத்திலும் உண்டு. மக்கபேயர் இரண்டாம் நூலின் 4-ஆம் அதிகாரத்தில், தலைமைக் குரு ஓனியா அடைக்கலம் புகுந்த இடம் அந்தியோக்கியாவுக்கு அருகிலுள்ள தாப்னே. டயானா என்பது ஆர்த்தமியின் உரோமைப் பெயர்; அதைத் தாங்கிப் பொலோஞ்ஞா நகரில் சாமிநாதர் சபைக் கன்னியாய் வாழ்ந்து 1236-ஆம் ஆண்டு இறந்த முத்திப்பேறு பெற்ற டயானா, அப்பெயருடைய பெண்களுக்கு விண்ணகத் துணைவி.

மகள் வளர்ந்து, "அம்மா, எனக்கு ஏன் இந்தப் பெயர் வைத்தீர்கள்?" என்று ஒருநாள் கேட்பாள். கைப்பேசியில் கிடைத்தது என்பது அவளுக்குப் போதிய விடையாகாது. பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023-ஆம் ஆண்டு கதிரவனை ஆராயச் சென்ற விண்கலத்திற்கு ஆதித்யா என்று காரணத்தோடு பெயர் வைத்தனர். ஒசூரில் கடிகாரம் செய்யும் நிறுவனத்தின் டைட்டன் என்ற பெயர்கூட, கிரேக்கப் புராணப் பெயராய் ஒலித்தாலும், டாட்டா நிறுவனத்தையும் தமிழ்நாட்டையும் குறிக்கும் எழுத்துக்களால் அமைந்ததாம். கலத்திற்கும் கடிகாரத்திற்கும் காரணம் தேடுகிறோம். நாம் பெற்ற மகளுக்குத் தேட வேண்டாமா?

உண்மையான ஆபத்து

கிரேக்கப் பெயரைக் கண்டு கலங்கும் நாம், அதைவிடப் பெரிய ஆபத்தைக் கண்டும் காணாதிருக்கிறோம். ஆரோக்கியமேரி என்ற தூய பெயரையே எழுதிவிட்டு, எண் கணிதம் பார்ப்பவரிடம் சென்று, அதிர்ஷ்டத்திற்காக ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் வருவோர் நம்மிடையே இல்லையா? நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியா நகரத்துக் கிறிஸ்தவர்களிடமும் இத்தகைய நோய் இருந்தது. பல விளக்குகளை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரிட்டு, எது கடைசிவரை எரிகிறதோ அதன் பெயரைக் குழந்தைக்கு வைத்தால் நீண்ட ஆயுள் கிட்டும் என்று நம்பினர். புனித கிறிசோஸ்தோம் அருளப்பர் அதைக் கடுமையாகக் கண்டித்து, நீதிமான்களின் பெயரைச் சூட்டிப் பிள்ளைகளை அவர்களைப் போல் வாழத் தூண்டுங்கள் என்று போதித்தார். விளக்கு அணைந்தது, எண் வந்திருக்கிறது. மகளின் வாழ்வை எழுத்தின் எண்ணிக்கை நிர்ணயிக்கும் என்று நம்புகிறவர், அவளுக்கு மரியா என்றே பெயரிட்டாலும் அது கிறிஸ்தவப் பெயர் சூட்டலாகாது.

ஏட்டிலும் ஒரே பெயர்

இறுதியாக, நடைமுறைக்கு வேண்டிய சில. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, குழந்தை பிறந்த 12 மாதத்திற்குள் பெயரைக் கட்டணமின்றிப் பதியலாம். அதற்குப் பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டு வரை பதியலாம். 2023-ஆம் ஆண்டின் திருத்தத்தால், அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும், கடவுச்சீட்டுக்கும், வாக்காளர் பட்டியலுக்கும், ஆதாருக்கும், திருமணப் பதிவுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறப்புக்குரிய ஆதாரம். ஆகவே கோவில் ஏட்டில் ஒரு பெயரும் நகராட்சி ஏட்டில் ஒரு பெயரும் இருப்பது பின்னாளில் பெருந்தொல்லை. திருமணத்தின்போது பங்கில் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்கப்படும். அப்போது இரண்டும் ஒத்துப்போகாமல் அலைவோர் பலர்.

அயல்மொழிப் பெயரை எழுதுவதிலும் கவனம் வேண்டும். டாப்னி, டாஃப்னி, டேப்னே என்று தமிழிலேயே மூவிதமாக எழுதலாம். பீபி என்பதை ஆங்கிலத்தில் எழுதினால், படிப்பவர் வேறுவிதமாக உச்சரிப்பர். தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் கலந்து ஒலிக்கும் தொழிற்பேட்டை ஊர்ப் பள்ளியில், நாள்தோறும் தன் பெயரைத் திருத்திச் சொல்லும் சுமையைக் குழந்தையின் மேல் வைக்க வேண்டுமா என்பதையும் எண்ணுங்கள். எழுத்தை முதலில் உறுதி செய்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி, அதையே நகராட்சியிலும் பங்கு அலுவலகத்திலும் கொடுங்கள்.

பெற்றோரே, பாட்டியின் கேள்விக்கு விடை கண்டபின் பெயர் சூட்டுங்கள். பேரன், பேத்தி என்னும் சொற்களே பெயரன், பெயர்த்தி என்பவற்றிலிருந்து வந்தவை. பெரியோரின் பெயரைத் தாங்குவோர் என்பது பொருள். புதுப் பெயரோடு ஒரு புனிதையின் பெயரையோ, பாட்டியின் பெயரையோ சேர்த்தால் இரு தலைமுறையும் மகிழும். டாப்னி அடைக்கலமேரி என்பது கேட்பதற்குப் புதிதாயினும், ஓனியாவுக்கு அடைக்கலம் தந்த ஊரும், ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவும் அதில் ஒன்றுசேர்ந்துவிடுகின்றனரே!

திருமுழுக்குச் சடங்கில் புனிதர்களின் மன்றாட்டு மாலை பாடப்படும்போது, குழந்தையின் பாதுகாவலரின் பெயரையும் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. குருவானவரிடம் முன்கூட்டியே சொல்லி அப்பெயரைச் சேர்க்கச் செய்யுங்கள். ஆண்டுதோறும் அப்புனிதையின் திருநாளில் மகளைத் திருப்பலிக்கு அழைத்துச் சென்று, மாலையில் அவர் வரலாற்றைப் பாட்டியின் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். பெபேயாளும் ஹெலெனாவும் ஐரினும் பிறந்தபோது அவர்கள் பெயர்கள் புனிதமாக இருக்கவில்லை. அவர்கள் வாழ்ந்து புனிதமாக்கினர். உங்கள் மகளின் பெயரும் அவ்வாறே அவளால் புனிதம் பெற இறைவன் அருள்வாராக.